செய்தி சொல்லாத பல்பு

அத்தியாயம் 17

தினமும் காலையில் எதிரே வந்து மண்டியிட்டு வணக்கம் சொல்கிற ஓரகத்தியோடு எப்படிச் சண்டை போடுவது? இந்த வீட்டுக்கு மொரேனிகே மருமகளாக வந்த நாளிலிருந்து அபோசெடேக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை.

மாடியிலிருந்து இறங்குவாள். வங்கிக்குப் போகிற அவசரம் இருக்கும், காலில் குதிகால் செருப்பு இருக்கும், ஆனாலும் கடைசிப் படியில் நின்று இரண்டு முழங்காலும் தரையில் படும்படி மண்டியிடுவாள். "வணக்கம்க்கா. நல்லாத் தூங்கினீங்களா?" என்பாள். மூத்த மருமகளுக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் எள்ளளவு குறை வைத்தாலாவது மொலேட்டே தெருவையே கூட்டிப் பஞ்சாயத்து வைக்கலாம். வைக்க மாட்டாள், பாவி.

போன வாரம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போய் தெருவில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த நேரத்தில், மொரேனிகே ஒரு பெரிய ஜெனரேட்டரை வேனில் கொண்டுவந்து இறக்கினாள். கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. கார் மாதிரி சாவி போட்டுத் திருகினால் கிளம்பும். இறக்கின கையோடு அபோசெடேயிடம் வந்து, "உங்க ஃப்ரீசருக்கும் ஒரு லைன் இழுத்துத் தரேங்க்கா, மீன் கெடாம இருக்கும்" என்றாள்.

அன்று ராத்திரி அபோசெடே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கணவனிடம் சத்தியம் செய்தாள். "என் மீன் நாறினா நாறட்டும். அவ கையால ஒரு முழம் ஒயர் வாங்க மாட்டேன்."

லாடிப்போ பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். பூமியின் மேல் எந்த மலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், வீட்டுக்குள் இருக்கிற மலையை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். பதில் சொல்லாமல் அமலாக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். அவர் பேசாமல் விழுங்கும்போதெல்லாம் ஏதோ முடிவு செய்கிறார் என்பது அபோசெடேக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு லாடிப்போவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்திக்கு மீன் முழுக்க அபோசெடேயின் கடையிலிருந்துதான் போகிறது. சமையல் காண்டிராக்ட் எடுத்திருக்கும் அல்ஹாஜா சிகிரத் விடிகாலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கணவன் வீட்டுச் சொந்தம் அத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தியில் "இது யார் மீன்?" என்ற கேள்விக்கு "மூத்த மருமக மீன்" என்று பதில் வர வேண்டும். அபோசெடேக்கு இந்த வருஷத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை. சின்னவள் கொண்டுவரும் பரிசுப் பெட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை யாரும் கடித்துத் தின்ன முடியாது அல்லவா?

கானாங்கெளுத்திப் பெட்டிகள் வீட்டு முன்னறைக் கடையில், ஃப்ரீசருக்குள் அடுக்கியிருந்தன. ஃப்ரீசர் மேல் இரண்டு கம்பளி, அதன் மேல் ஒரு பழைய திரைச்சீலை. கரண்ட் இல்லாத நேரத்தில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். உள்ளே ஐஸ்கட்டி வாங்கி வாங்கிப் போட்டு மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவளிடமும் ஒரு ஜெனரேட்டர் உண்டு. குட்டி. அந்த ரகத்துக்கு ஊரே வைத்த பெயர் 'பக்கத்து வீட்டைவிட நான் மேல்'. வாங்கின புதிதில், இருண்டு கிடந்த தெருவில் தன் வீட்டில் மட்டும் பல்பு எரிந்தபோது, அந்தப் பெயரின் சுகத்தை அபோசெடே அணு அணுவாக அனுபவித்திருக்கிறாள். இப்போது அது ரெண்டு பல்பையும் ஒரு விசிறியையும் இழுப்பதற்குள் இருமுகிறது. ஃப்ரீசரைக் காட்டினால் மூச்சை நிறுத்திவிடும்.

காலையில் பின்கட்டுக்குப் போனாள். கூண்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மூன்று பக்கம் சிமெண்ட் கல் சுவர், அதில் காற்றுப் போக ஓட்டை வைத்த கல் வரிசை, மேலே தகரக் கூரை, முன்னால் இரும்புக் கம்பிக் கதவு, பூட்டுப்போட வளையம். வெல்டிங்காரர் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே புது மாப்பிள்ளை மாதிரி ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது. அபோசெடே கல்யாணமாகி வந்தபோது இவ்வளவு நல்ல அறை அவளுக்குக் கொடுக்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் பாஷிரு, வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு, பின்சுவரில் கூண்டுக்கு மேலே ஒரு ஹோல்டரைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"பாஷிரு, புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்குது?"

"வேலிப் பக்கம்மா."

"நேத்து என் சமையலறை ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சே."

"நேத்து அப்படித்தான் இருந்துச்சு. மாடி அம்மாதான் வந்து பாத்துட்டு, 'புகையெல்லாம் அக்கா ஜன்னலுக்குள்ள போகும், திருப்பி வேலிக்கு அந்தாண்ட விடு'ன்னாங்க. குழாயை நீட்டி வளைச்சு விட்டாச்சு. இந்தப் புகை வாசனையே தெரியாம ஆளை முடிச்சிடும்மா. எந்த ஜன்னலுக்கும் கிட்ட வரக் கூடாது."

அபோசெடேக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தப் புகைக்குழாயை வைத்து ஒரு நல்ல சண்டைக்கு ராத்திரி முழுக்க வசனம் தயார் செய்து வைத்திருந்தாள். கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுகிறவளிடம் எதைத்தான் கேட்பது?

"அது என்ன, கூண்டுக்கு மேல விளக்கு? ஜெனரேட்டருக்கு இருட்டுன்னா பயமா?"

பாஷிரு திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். "இதும்மா செய்தி பல்பு. மாடி நடையில சேஞ்ச்ஓவர் மாட்டியிருக்கேன். கைப்பிடியை மேல தள்ளினா தெருக் கரண்ட், கீழ தள்ளினா ஜெனரேட்டர். கீழ தள்ளியாச்சுன்னா தெருவில கரண்ட் வந்தாலும் வீட்டுக்குள்ள தெரியாது. அது பாட்டுக்குப் பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். இந்தப் பல்பு மட்டும் சேஞ்ச்ஓவர் பக்கமே போகாம நேரா தெரு லைன்ல இருக்கு. தெருவில கரண்ட் வந்தா உடனே எரியும். எரிஞ்சா ஜெனரேட்டரை நிறுத்திட்டுக் கைப்பிடியை மேல தள்ளிடலாம். இது இல்லாத வீடு இபாடான் ஊர்லயே இருக்காது."

"எங்க குட்டிக்கு இல்லை."

"உங்க குட்டிக்கு எதுக்கும்மா? அது இருமுற சத்தம் நின்னாலே பெட்ரோல் தீந்துபோச்சுன்னு தெரிஞ்சிடுமே."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அபோசெடே வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐஸ்கட்டி வாங்க அவள் மார்க்கெட் போய்த் திரும்பியபோது கடைச் சுவரோரமாகப் புதிதாக ஒரு வெள்ளை ஒயர் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படிப் பக்கமிருந்து வந்து, அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது. பாஷிரு ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "வேலை முடிஞ்சுதும்மா, வரேன்" என்று நழுவினான். லாடிப்போவும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

'என் சுவர்ல ஒயர் அடிக்க என்னைக் கேட்க வேண்டாமா?' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிக்குப் போகிற ஒயர் என்று நினைத்தாள். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும். பொறாமைக்குக் கண் உண்டு, ஆனால் அது மேலேதான் பார்க்கும்.

மத்தியானம் கரண்ட் போனது. கல்யாணத்துக்காக லீவு போட்டிருந்த மொரேனிகே சாவியைத் திருகியிருக்க வேண்டும், பின்கட்டில் ஜெனரேட்டர் ஒரே மூச்சில் கிளம்பியது. இருமல் இல்லை, திணறல் இல்லை. 'ம்ம்ம்' என்று வயிறு நிறைந்த பூனை மாதிரி ஒரு முனகல்.

அதற்குப் பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு பெண் வீட்டில் கொண்டாட்டம். அதற்குப் போகிற பெண்கள் எல்லாரும் மொரேனிகே வீட்டில் கூடித் தலைக்கட்டு கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே துணி, வெங்காயத் தோல் நிறத்தில். அபோசெடேக்கும் அந்தத் துணி வந்திருந்தது, மொரேனிகேதான் வாங்கிக் கொடுத்தாள். மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி இன்றைய கொண்டாட்டத்துக்கு அவள்தான் போகவில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியும் படியேறும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. வரவில்லை என்று சொன்னது நாம்தான் என்பதெல்லாம் வயிற்றுக்குத் தெரியாது.

மேலே ஏ.சி. ஓடியது. ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். பாட்டு, சிரிப்பு, யாரோ சொன்னது படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வந்தது: "ஐயோ, ஐரோப்பா மாதிரி இருக்குடி உன் வீடு."

"கொலா இதுக்கெல்லாம் பணம் அனுப்புறாரா?" என்று இன்னொரு குரல்.

"அனுப்புறார், அனுப்புறார்," என்றாள் மொரேனிகே.

கொலா லாடிப்போவின் தம்பி, மொரேனிகேயின் புருஷன். போர்ட் ஹார்கோர்ட்டில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனவன். அந்த 'அனுப்புறார்' இரண்டு முறை வந்ததை அபோசெடே கவனித்தாள். ஆனால் அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. அவள் கீழே புழுக்கத்தில் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முனகல் சத்தம் காதுக்குள் புகுந்து நெஞ்சில் இறங்கியது. 'ஏன் இவளுக்கு மட்டும்? நான் இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள். இந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவள். இவள் வரும்போது குழாய் வந்துவிட்டது, மாடி வந்துவிட்டது, இப்போது சாவி போடுகிற ஜெனரேட்டரும் வந்துவிட்டது.'

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. கூண்டின் அடிமேடையில் ஒரு காலை வைத்து, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு எக்கினாள். செய்தி பல்பு கைக்கு எட்டியது. அரைத் திருகு திருப்பினாள். அவ்வளவுதான். பல்பு அங்கேயேதான் இருந்தது, யாரும் எதையும் திருடவில்லை, எதையும் உடைக்கவில்லை.

கீழே இறங்கியபோது உள்ளங்கையில் பச்சை. கதவுப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கை சுத்தமாகிவிட்டது. மனசும் ஒருவிதமாகக் குளிர்ந்திருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. "அப் நேப்பா" என்று மின்வாரியத்தின் பேரைச் சொல்லித் தெருப் பிள்ளைகளெல்லாம் ஒரே குரலில் கத்தினார்கள். எதிர்வீட்டு ஜெனரேட்டர் நின்றது, அடுத்த வீட்டு ஜெனரேட்டர் நின்றது. இந்த வீட்டுப் பின்கட்டில் மட்டும் முனகல் நிற்கவில்லை. மேலே ஜன்னல் சாத்தியிருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாராவது எட்டிப் பார்த்தாலும் பல்பு இருட்டாகத்தான் இருந்தது.

அபோசெடே விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இத்தனை நேரம் நெஞ்சைக் குத்திய அதே சத்தம் இப்போது தாலாட்டு. குடி, நல்லாக் குடி, என்றாள் ஜெனரேட்டரிடம். உன் எஜமானி ஐரோப்பாவில் இருக்கிறாள்.

பிறகு கடைக்குள் போனாள். கடை பல்பு எரிந்தது. ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தால் ஃப்ரீசர் ஓடும், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கம்பளிகளை உருவி எறிந்தாள். கரைந்து குறுகியிருந்த ஐஸ்கட்டிகளை எடுத்து வாளியில் போட்டாள். இந்தத் தெருவில் கரண்ட் வந்ததும் எல்லாக் கடைக்காரிகளும் செய்வதை அவளும் செய்தாள். தண்ணீர்ப் பாக்கெட்டுகளை மீனுக்கு மேலே அடுக்கடுக்காகத் திணித்தாள். நாளைக்குக் கல்யாண நாள், குளிர்ந்த தண்ணீருக்கு அடிதடி நடக்கும்.

மாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சட்டென்று விசிறியையும் விளக்கையும் அணைத்தாள். அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். தன் வீட்டில் கரண்ட் இருக்கும்போது இல்லாதது போல வேர்த்துக்கொண்டு உட்கார்ந்த பெண்பிள்ளை இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பெண்கள் இறங்கி வந்து, பாட்டு போட்டுக்கொண்டு காத்திருந்த வேனில் ஏறினார்கள். மொரேனிகே கடைசியாக வந்தாள். தலைக்கட்டு விசிறி மாதிரி விரிந்திருந்தது. அதோடும் மண்டியிட்டாள்.

"போயிட்டு வரேங்க்கா. மாமா பள்ளிக்கூடத்துலேருந்து நேரா அங்க வந்துடறேன்னார். விடிஞ்சதும் குளிச்சு மாத்த வந்துடுவோம்." பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கரண்ட் இன்னும் வரல போலிருக்கே."

இதுதான் அந்த நிமிஷம். 'வந்துடுச்சு, அந்தப் பல்புதான் சரியில்ல போல' என்று ஒரு வார்த்தை போதும். அபோசெடேயின் நாக்கு அந்த வார்த்தையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

"இந்த ஊர்க் கரண்ட்டை நம்பி யார் இருக்காங்க?" என்றாள்.

"அதான். நான் டேங்க்கை நிரப்பிட்டேங்க்கா. அது பாட்டுக்கு ஓடட்டும். சத்தம் தொந்தரவா இருந்தாலும் இன்னிக்கு மட்டும் பொறுத்துக்குங்க. நிறுத்திடாதீங்க."

"மேலதான் யாருமே இல்லையே. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு ஜெனரேட்டர்?"

மொரேனிகே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சிரித்து மழுப்பினாள். "இருக்கட்டும்க்கா. ஓடட்டும்."

வேன் போனது. 'பாத்தியா திமிரை,' என்று அபோசெடே சுவரிடம் சொன்னாள். 'நாற்காலிக்கும் மேஜைக்கும் காத்து வாங்குறா.' எழுந்து விளக்கைப் போட்டாள், விசிறியைப் போட்டாள். பயறு அரைத்து அவித்த மோயின்மோயினைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாள். இரவுக்குள் எத்தனையோ பேர் வந்து தண்ணீர் கேட்டார்கள். ஃப்ரீசர் மூடியைத் திறந்து திறந்து, குளிர்ந்ததும் குளிராததுமாக எடுத்துக் கொடுத்தாள்.

படுக்கும் நேரத்தில் பின்கட்டு முனகல் ஒரு முறை விக்கியது, இரண்டு முறை விக்கியது, நின்றது. டேங்க் காலி. அபோசெடே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். விசிறிக் காற்றில், கட்டின துணியோடேயே, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் அல்ஹாஜா சிகிரத் வந்துவிட்டார். கல்யாணச் சமையல்காரி என்றால் குரல் வாசலுக்கு முன்னாடியே வந்துவிடும்.

"அபோசெடே, என் மீனை எடும்மா. எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருக்கு."

"ராஜா மாதிரி இருக்கு அல்ஹாஜா, கல்லு மாதிரி இருக்கு. வாங்க," என்று அபோசெடே மூடியைத் தூக்கினாள்.

முதலில் வாசனை வந்தது. மேலே தண்ணீர்ப் பாக்கெட்டுகள் வெதுவெதுப்பாகக் கிடந்தன. அவற்றைத் தள்ளினாள். அடியில் மீன்பெட்டிகள் ஊறித் தொய்ந்திருந்தன. ஒரு மீனை எடுத்தாள். வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் வளைந்தது. கண் வெளுத்துப்போயிருந்தது.

அவள் அண்ணாந்து கடை பல்பைப் பார்த்தாள். எரிந்தது. விசிறியைப் பார்த்தாள். சுற்றியது. ஃப்ரீசர் மேல் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

"கரண்ட் ராத்திரி பூரா இருந்துச்சே," என்றாள். "ராத்திரி பூரா இருந்துச்சே அல்ஹாஜா."

அல்ஹாஜா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடியில் இருந்த ஒரே ஒரு பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "இதை மட்டும் பொரிச்சுக்கலாம். மிச்சத்துக்கு நான் மார்க்கெட்டுக்கு ஓடணும். கல்யாண வீட்டுல ஒருத்தருக்கு வயித்தால போனாலும் என் பேரு போயிடும்மா."

அப்போதுதான் லாடிப்போவும் மொரேனிகேவும் வந்து இறங்கினார்கள். லாடிப்போ வாசலிலேயே முகத்தைச் சுளித்தார். உள்ளே வந்து ஃப்ரீசரைப் பார்த்தார்.

"இது எப்படி? ஜெனரேட்டர் ஓடிச்சில்ல?"

"ஜெனரேட்டருக்கும் என் ஃப்ரீசருக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் அலமாரியை நகர்த்தினார். வெள்ளை ஒயர் அங்கே ஒரு பிளக் பாயிண்டில் முடிந்தது. அதில்தான் ஃப்ரீசரின் பிளக் செருகியிருந்தது.

"பாஷிருகிட்ட சொல்லி நான்தான் மாத்தச் சொன்னேன். நீ சத்தியம் பண்ணிட்டே. கேட்டா ஒத்துக்க மாட்டே. உன் மீன் கெடக் கூடாதுன்னு மொரேனிகே சேஞ்ச்ஓவர்லேருந்து உனக்கு ஒரு லைன் குடுத்தா. உன் ஃப்ரீசருக்காகத்தான் ராத்திரி ஜெனரேட்டரை ஓட விட்டுட்டு வந்தா. மேல ஒரு பல்பு கூட எரியல, எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் வந்தா."

ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு ஜெனரேட்டர் என்று கேட்டவள் அந்தப் பிளக்கையே பார்த்தாள். கைப்பிடி கீழே இருந்திருக்கிறது. ஜெனரேட்டர் நின்றதும் ஃப்ரீசரும் நின்றிருக்கிறது. தெருவில் கரண்ட் ஆறாக ஓடியும், அந்தக் கைப்பிடியை மேலே தள்ளச் சொல்லி யாருக்கும் செய்தி போகவில்லை. தன் கையாலேயே தன் மீனைக் கொன்றிருக்கிறாள். தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"எல்லாம் அந்தப் பாஷிரு பயலால வந்தது," என்று லாடிப்போ கத்தினார். அவர் கத்துவதே அபூர்வம். "கரண்ட் வந்தா பல்பு எரியும்னான். எரிஞ்சுதா? எரிஞ்சிருந்தா நேத்து சாயங்காலமே மொரேனிகே கைப்பிடியைத் தூக்கிட்டுப் போயிருப்பா. இனிமே இந்தத் தெருவில எவன் வீட்டு வேலைக்கும் அவன் வர முடியாதபடி பண்றேன்."

"இருங்க மாமா," என்று மொரேனிகே பின்கட்டுக்குப் போனாள். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். அபோசெடேயின் கால்களும் போயின.

மொரேனிகே கல்யாணத் துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூண்டின் அடிமேடையில் ஏறி எக்கினாள். பல்பைத் தொட்டாள். அரைத் திருகு. பளீரென்று எரிந்தது.

அல்ஹாஜா அண்ணாந்து பார்த்து, "லூசாயிருந்திருக்கு," என்றார். "ஏம்மா, திருகுற பல்பு தானா லூசாகுமா?"

மொரேனிகே இறங்கினாள். கம்பிக் கதவைப் பார்த்தாள். புதுப் பச்சைப் பெயிண்டில் ஐந்து விரல் பதிந்து, இழுத்துக்கொண்டு போன தடம் காய்ந்திருந்தது. அங்கிருந்து அவள் பார்வை நிமிர்ந்தது. ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். கைகள் சுத்தமாக இருந்தன. பிறகு அந்தப் பார்வை அபோசெடேயின் இடுப்புத் துணியில் வந்து நின்றது.

அபோசெடே குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. எக்கும்போது இடுப்பு கதவில் சாய்ந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்றிலிருந்து மாற்றாத துணி.

மொரேனிகே நேராக அவளிடம் வந்தாள். அபோசெடே கண்ணை மூடிக்கொண்டாள். விழுந்தது அடியல்ல. இரண்டு கைகள் அவளைக் கட்டிக்கொண்டன. அந்த அணைப்புக்குள்ளேயே ஒரு கை அவள் இடுப்புத் துணியின் மடிப்பை இழுத்து, பச்சைக் கறையை உள்ளே தள்ளிச் செருகியது.

"ஆகும் அல்ஹாஜா," என்றாள் மொரேனிகே, கட்டிக்கொண்டபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஜெனரேட்டர் அதிர்ற அதிர்ச்சிக்குப் பல்பு தானா கழண்டுக்கும். கூண்டுக்கு மேலயே மாட்டச் சொன்னது நான்தான். பாஷிருவைத் திட்டாதீங்க மாமா. தப்பு என்னுது."

லாடிப்போ தலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனார். அல்ஹாஜா மீன் மார்க்கெட்டுக்கு ஓடினார், ஒற்றைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. மூத்த மருமகளின் மீன், பந்தியில் ஒரு வரிசைக்குக்கூடப் போதாது.

பின்கட்டில் ஓரகத்திகள் இருவர் மட்டும் நின்றார்கள். விடிந்த வெளிச்சத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"மொரேனிகே," என்றாள் அபோசெடே. அழுகைதான் வந்தது. தப்பு செய்தவளுக்கு வருகிற அழுகை கொஞ்சம்தான். நேற்று வரைக்கும் இவளிடம் இருந்த ஜெனரேட்டரைப் பார்த்து எரிந்தோம், இன்றைக்கு மன்னிப்பதிலும் முந்திக்கொண்டாளே என்கிற அழுகைதான் மிச்சம்.

மொரேனிகே அணைப்பை விடவில்லை. காதருகே வந்த குரலில் மட்டும் அந்த மண்டியிடுகிற பெண் இல்லை. அது வேறு யாரோ.

"அழாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஞாபகம் வெச்சுக்குங்க அக்கா. இன்னிக்கு நான் வாயைத் திறக்கல. நாளைக்கு என் விஷயம் ஒண்ணு வெளியில வரும். அன்னிக்கு மாமா முன்னாடி, குடும்பத்து முன்னாடி, நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

கையை விட்டாள். படியேறிப் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, தலைக்கட்டைச் சரி செய்துகொண்டாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

'அனுப்புறார், அனுப்புறார்' என்று இரண்டு முறை சொன்ன அந்தக் குரல் அபோசெடேயின் காதில் திரும்ப வந்தது. ஜெனரேட்டர் வாங்கின பணம் கொலாவுடையது இல்லையென்றால், யாருடையது?

இடுப்பில் செருகியிருந்த கறையை அவள் கையால் பொத்திக்கொண்டாள். தன்னிடம் இப்போது ஒரு ரகசியம் இருக்கிறது, அரைத் திருகு அளவுக்கு. மாடியில் இருப்பவளிடமும் ஒன்று இருக்கிறதாம். அதுவும் நிச்சயம் தன்னுடையதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது, அத்தனை அழுகைக்கு நடுவிலும், அபோசெடேயின் வயிறு பழையபடி எரியத் தொடங்கியது.